நாற்று வளர்ச்சியில் ஒளியும் ஹார்மோன்களும்

விதையிலிருந்து வெளிவரும் இளநாற்று, ஒளி கிடைக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இரு வேறு உருவங்களில் வளர்கிறது. ஒளியில் குட்டையான தண்டும் விரிந்த பச்சை வித்திலைகளும் கொண்டு வளர்வது ஒளிவழி உருவாக்கம் எனப்படும். இருளில் நீண்டு மெலிந்த வெளிறிய தண்டும், மூடிய மஞ்சள் நிற வித்திலைகளும், கொக்கி போல் வளைந்த நுனியும் கொண்டு வளர்வது இருள்வழி உருவாக்கம் அல்லது வெளிறல் எனப்படும். இவ்விரண்டில் எது நிகழவேண்டும் என்பதை ஒளி ஏற்பிப் புரதங்கள் தீர்மானிக்கின்றன. அதனைச் செல்களின் அளவில் நிறைவேற்றுபவை ஆக்சின், ஜிப்ரெலின், பிராசினோஸ்டீராய்டு, எத்திலீன், சைட்டோகைனின் முதலிய தாவர ஹார்மோன்கள் ஆகும்.

இங்கு ஒளி, உணவு தயாரிப்பதற்கான ஆற்றலாக அன்றி ஒரு செய்தியாகவே செயல்படுகிறது. ஒளிச்சேர்க்கைக்குச் சிறிதும் போதாத மங்கலான ஒளியும், சில நிமிடங்கள் மட்டுமே படும் ஒளியும்கூட நாற்றின் உருவத்தை மாற்றிவிடும்.

இருளில் வளரும் நாற்று

மண்ணுக்குள் முளைக்கும் விதையிடம் உள்ள உணவு ஓர் அளவுக்கு உட்பட்டது. வித்திலைகளிலோ முளைசூழ்தசையிலோ சேமிக்கப்பட்ட மாவுப்பொருள், எண்ணெய், புரதம் ஆகியவை தீர்ந்துபோவதற்குள் நாற்று மண்ணின் மேற்பரப்பை அடைந்தாக வேண்டும். அடையாவிட்டால் அது மடிந்துவிடும். இலைகளை விரிப்பதும், தடித்த தண்டை உருவாக்குவதும், பச்சையம் தயாரிப்பதும் மண்ணுக்குள் வீண்செலவாகும். எனவே நாற்று தன் சேமிப்பு முழுவதையும் நீள்வதிலேயே செலவிடுகிறது.

வெளிறிய நாற்றை ஒளியில்லாமல் நலிந்த நாற்று என்று கருதுவது பரவலாகக் காணப்படும் தவறான கருத்து. அதன் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பயன் உண்டு. நுனியில் உள்ள கொக்கி வளைவு, மென்மையான முளைக்குருத்தைக் கீழ்நோக்கி மடித்து வைத்து, மண்துகள்களின் உராய்விலிருந்து காக்கிறது. மண்ணை முட்டித் திறப்பது தண்டின் வளைந்த முதுகேயன்றி அதன் நுனியன்று. வித்திலைகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடியிருப்பதும் இதே காரணத்தினாலேயே. நெல், கோதுமை, மக்காச்சோளம் போன்ற புல்வகைகளில் கொக்கி வளைவு இல்லை. அவற்றின் குருத்தை முளைக்குருத்து உறை என்னும் கூம்பு வடிவ உறை மூடிக் காக்கிறது.

நீளும் பகுதி எல்லாத் தாவரங்களிலும் ஒன்றன்று. அவரை, புளி, பாசிப்பயறு ஆகியவற்றில் வித்திலைகளுக்குக் கீழே உள்ள வித்திலைக் கீழ்த்தண்டு நீண்டு வித்திலைகளை மண்ணுக்கு மேலே தூக்குகிறது. பட்டாணி, கொண்டைக்கடலை ஆகியவற்றில் வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட, அவற்றுக்கு மேலே உள்ள வித்திலை மேல்தண்டு நீள்கிறது. மக்காச்சோளத்தில் விதைக்கும் முளைக்குருத்து உறைக்கும் இடையில் உள்ள இடைத்தண்டு நீள்கிறது.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு களையான அரபிடாப்சிஸ் தாலியானா இத்துறையின் முதன்மையான ஆய்வுத் தாவரமாகும். இதன் கீழ்த்தண்டு நல்ல ஒளியில் ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே வளரும். இருளில் ஒரு வாரத்தில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நீளும். ஆயினும் கீழ்த்தண்டின் அடியிலிருந்து நுனி வரை ஒரு வரிசையில் உள்ள புறத்தோல் செல்களை எண்ணினால், இரண்டு நாற்றுகளிலும் ஏறத்தாழ இருபதே இருக்கும். அதாவது, இருளில் புதிய செல்கள் உண்டாவதில்லை. விதையிலேயே இருந்த செல்கள்தாம் பன்மடங்கு நீள்கின்றன. புதிய செல்களை உருவாக்குவதைவிட, இருக்கும் செல்களில் நீரை நிரப்பி நீட்டுவது செலவு குறைந்த வழி.

இவ்வேறுபாட்டை வீட்டிலேயே காணலாம். ஊறவைத்த பாசிப்பயறை ஈரத்துணி விரித்த இரண்டு கிண்ணங்களில் இட்டு, ஒன்றைச் சன்னலோரத்திலும் மற்றொன்றை ஒளிபுகாத பெட்டிக்குள்ளும் ஐந்து நாட்கள் வைத்திருந்தால் இரு உருவங்களும் தெளிவாகத் தெரியும். தென் தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களுக்காக வெளிச்சம் குறைந்த அறையில் வைத்து வளர்க்கப்படும் முளைப்பாரியின் உயரமும் வெளிர்மஞ்சள் நிறமும் இருள்வழி உருவாக்கத்தின் விளைவுகளே.

முளைப்பதற்கு முன்பே

ஒளியின் செல்வாக்கு நாற்று தோன்றுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. லெட்டூஸ் கீரை, புகையிலை, பல களைச்செடிகள் ஆகியவற்றின் சிறிய விதைகள் ஒளி பட்டாலன்றி முளைப்பதில்லை. சேமிப்பு உணவு மிகக் குறைவாக உள்ள விதை, ஆழத்தில் முளைத்தால் மேலே வந்துசேராது என்பதால் இந்த எச்சரிக்கை பொருள் உடையதே. நெல், பயறு போன்ற பெரிய விதைகளுக்கு இத்தகைய கட்டுப்பாடு பொதுவாக இல்லை.

விதைக்குள் இரண்டு ஹார்மோன்கள் எதிரெதிராகச் செயல்படுகின்றன. அப்சிசிக் அமிலம் விதையை உறக்கத்தில் வைக்கிறது. ஜிப்ரெலின் முளைப்பதைத் தூண்டுகிறது. சிவப்பு ஒளி, ஜிப்ரெலின் உற்பத்தியைக் கூட்டியும் அப்சிசிக் அமிலத்தின் அளவைக் குறைத்தும் தராசை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது.

ஒளி ஏற்பிகள்

நாற்று ஒளியை ஒரே ஓர் ஏற்பியால் உணர்வதில்லை. சிவப்பு, தொலைச்சிவப்பு ஒளிகளை ஃபைட்டோகுரோம்களும், நீல ஒளியைக் கிரிப்டோகுரோம்களும் ஃபோட்டோட்ரோபின்களும், புறஊதா-பி கதிர்களை யுவிஆர்8 என்னும் புரதமும் உணர்கின்றன.

இவற்றுள் முதலில் கண்டறியப்பட்டது ஃபைட்டோகுரோம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் மேரிலாந்து மாநில பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்றிக்ஸ் முதலானோர் லெட்டூஸ் விதைகளைக் கொண்டு செய்து 1952-ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனை, எளிமையில் இன்றும் வியப்பளிப்பது. ஈரமான விதைகளுக்குச் சிறிது நேரம் சிவப்பு ஒளி காட்டியபோது அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு முளைத்தன. சிவப்பு ஒளிக்குப் பின் தொலைச்சிவப்பு ஒளி காட்டியபோது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே முளைத்தன. மீண்டும் சிவப்பு காட்டினால் மீண்டும் முளைத்தன. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் முடிவைத் தீர்மானித்தது கடைசியாகக் காட்டப்பட்ட ஒளியே.

மின்விளக்கின் ஆளியைப் போல் இரு நிலைகளுக்கு இடையே மாறக்கூடிய ஒரே நிறமிதான் இதற்குக் காரணமாக இருக்கவேண்டும் என்று அக்குழுவினர் முடிவு செய்தனர். அதன் ஒரு வடிவம் ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை உறிஞ்சி, செயல்படும் மறு வடிவமாக மாறும். அந்த வடிவம் ஏறத்தாழ 730 நானோமீட்டர் அலைநீளமுள்ள தொலைச்சிவப்பு ஒளியை உறிஞ்சிப் பழைய நிலைக்குத் திரும்பும். யாரும் கண்ணால் கண்டிராத இந்நிறமியைக் கற்பனை நிறமி என்று எள்ளியவர்களும் உண்டு. 1959-இல் அதே நிலையத்தில், இருளில் வளர்த்த மக்காச்சோள நாற்றுகளில் அது ஒளியுறிஞ்சல் அளவீட்டின் மூலம் நேரடியாகக் கண்டறியப்பட்டது.

அரபிடாப்சிஸ் தாவரத்தில் ஃபைட்டோகுரோம் ஏ முதல் ஈ வரை ஐந்து ஃபைட்டோகுரோம்கள் உள்ளன. இருளில் பெருமளவு சேர்ந்திருக்கும் ஃபைட்டோகுரோம் ஏ, மிகமிகக் குறைந்த ஒளியையும் உணரக்கூடியது. மண்ணைக் கீறி வரும் நாற்றுக்கு முதல் வெளிச்சத்தை அறிவிப்பது இதுவே. ஒளியில் இது விரைவில் சிதைந்துவிட, அதன்பின் ஃபைட்டோகுரோம் பி முதன்மை பெறுகிறது.

நீல ஒளி ஏற்பிகளைக் கண்டறிய நெடுங்காலம் ஆயிற்று. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டன் கூர்நீஃப், ஒளியிலும் நெடிதாக வளரும் அரபிடாப்சிஸ் திடீர்மாற்ற வகைகளை 1980-இல் விவரித்தார். அவற்றுள் நீல ஒளியை உணராத ஒரு வகையிலிருந்து 1993-இல் கிரிப்டோகுரோம் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் விலங்குகளிலும் இதன் உறவுப் புரதங்கள் கண்டறியப்பட்டன. ஃபோட்டோட்ரோபினின் மரபணு 1997-இல் அறியப்பட்டது. யுவிஆர்8 ஒரு ஒளி ஏற்பி என்பது 2011-இல் உறுதியாயிற்று.

இருளைக் காக்கும் புரதங்கள்

ஒளி ஏற்பிகளைப் பற்றி அறிந்த பின்னரும் ஓர் அடிப்படைக் கேள்வி எஞ்சியிருந்தது. நாற்றின் இயல்பான வளர்ச்சி எது, ஒளியில் நிகழ்வதா இருளில் நிகழ்வதா? வெளிறிய உருவமே இயல்பு என்றும், ஒளி வந்து புதிய வளர்ச்சியைத் தூண்டுகிறது என்றும் எண்ணுவதுதான் முதலில் தோன்றும் விடை. திடீர்மாற்ற ஆய்வுகள் இதற்கு நேர்மாறான விடையைத் தந்தன.

ஜோன் கோரியும் அவரது குழுவினரும் 1989-இல், முழு இருளில் வளர்ந்தும் ஒளியில் வளர்ந்ததைப் போன்ற உருவம் பெற்ற அரபிடாப்சிஸ் நாற்றுகளை விவரித்தனர். கீழ்த்தண்டு குட்டையாக இருந்தது, வித்திலைகள் விரிந்திருந்தன, ஒளியில் மட்டுமே இயங்கவேண்டிய மரபணுக்கள் இருளில் இயங்கின. சிங்-வாங் டெங் என்பவர் இதே போன்ற மற்றொரு வகையிலிருந்து சிஓபி1 என்னும் மரபணுவை 1992-இல் பிரித்தெடுத்தார். ஒரு மரபணு பழுதடைவதால் ஒளிவழி உருவம் தானாகத் தோன்றுகிறது எனில், அம்மரபணுவின் வேலை அவ்வுருவத்தை அடக்கி வைப்பதே. ஆகவே ஒளிவழி உருவாக்கமே அடிப்படைத் திட்டம். இருளில் அது இடைவிடாமல் தடுத்து நிறுத்தப்படுகிறது. ஒளி செய்வது அத்தடையை நீக்குவது மட்டுமே. ஆய்வகத் தட்டில் நன்கு தெரியும் இந்நாற்றுகள், இயற்கையில் சில சென்டிமீட்டர் மண்ணுக்கு அடியில் முளைத்திருந்தால் வெளியே வந்திருக்க மாட்டா.

சிஓபி1 புரதம், இருளில் செல்லின் உட்கருவுக்குள் இருந்துகொண்டு, ஒளிவழி மரபணுக்களை இயக்கும் எச்ஒய்5 முதலிய புரதங்களைச் சிதைவுக்கு உரியவையாகக் குறியிடுகிறது. குறியிடப்பட்ட புரதங்கள் செல்லின் கழிவகற்று அமைப்பால் அழிக்கப்படுகின்றன. ஒளி பட்டதும் ஏற்பிகள் சிஓபி1-இன் செயலைத் தடுக்கின்றன, அதன் பெரும்பகுதி படிப்படியாக உட்கருவை விட்டு வெளியேறுகிறது, எச்ஒய்5 பெருகுகிறது. தாவரங்களில் கண்டறியப்பட்ட இப்புரதத்தின் இணை மனித உடலிலும் உள்ளது. அங்கு அது புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்னும் புரதத்தின் அளவைக் கட்டுப்படுத்துவதில் பங்கேற்கிறது.

மற்றொரு தடை, பிஐஎஃப் என அழைக்கப்படும் புரதக் குழுவாகும். இவை ஃபைட்டோகுரோமுடன் இணையும் படியெடுத்தல் காரணிகள். பீட்டர் குவெய்லின் ஆய்வுக்கூடத்தில் 1998-இல் இவற்றுள் முதலாவது கண்டறியப்பட்டது. இருளில் இவை தண்டை நீட்டும் மரபணுக்களை இயக்குகின்றன. பச்சையம் உருவாவதைக் கட்டுக்குள் வைக்கின்றன. சிவப்பு ஒளி பட்டுச் செயல்வடிவம் பெற்ற ஃபைட்டோகுரோம் உட்கருவுக்குள் நுழைந்து இவற்றைத் தொட்டதும், சில நிமிடங்களிலேயே இவற்றின் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. நான்கு பிஐஎஃப் மரபணுக்களை ஒருங்கே இழந்த நாற்று, இருளிலும் ஒளியில் வளர்ந்ததைப் போன்றே தோன்றும்.

ஹார்மோன்களின் பங்கு

ஒளி ஏற்பிகளும் தடைப் புரதங்களும் எடுக்கும் முடிவு, நீளவேண்டிய செல்லின் சுவரைச் சென்றடைய வேண்டும். அதற்கான வழி ஹார்மோன்களே. ஒவ்வொரு ஹார்மோனும் தனித்தனிச் சோதனைகளில் கண்டறியப்பட்டதால், பாடநூல்களில் அவை தனித்தனி வேலைகள் செய்பவை போல் விவரிக்கப்படுகின்றன. நாற்றில் அவை அவ்வாறு பிரிந்து இயங்குவதில்லை.

ஆக்சின், செல்சுவரைத் தளர்த்துகிறது. இது செல்சவ்வில் உள்ள புரோட்டான் ஏற்றிகளைத் தூண்டிச் செல்சுவரை அமிலமாக்குகிறது. அமிலத்தில் செயல்படும் எக்ஸ்பான்சின் புரதங்கள் சுவரின் இழைகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்துகின்றன. செல்லின் உள்ளிருக்கும் நீரழுத்தம் தளர்ந்த சுவரை நீட்டுகிறது. கொக்கி வளைவு உண்டாவதும் ஆக்சினால்தான். வளைவின் உட்புறத்தில் ஆக்சின் மிகுதியாகச் சேர்கிறது. அவ்வளவு மிகையான ஆக்சின் வளர்ச்சியைத் தடுப்பதால், உட்புறம் பின்தங்க வெளிப்புறம் நீண்டு தண்டு வளைகிறது. அளவைப் பொறுத்து ஒரே பொருள் தூண்டியாகவும் தடையாகவும் இருப்பது ஆக்சினைப் பற்றிப் படிப்போரைக் குழப்பும் செய்தி.

ஜிப்ரெலினின் கதை நெல் நாற்றிலிருந்து தொடங்குகிறது. ஜப்பானில் பக்கானே என்று அழைக்கப்பட்ட நோயால் தாக்கப்பட்ட நெல் நாற்றுகள் அளவுக்கு மீறி நெடிதாக வளர்ந்து, வெளிறி, சாய்ந்து மடிந்தன. அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில் பணியாற்றிய எய்ச்சி குரோசவா, நோயை உண்டாக்கும் பூஞ்சையை வளர்த்த நீர்மத்தைப் பூஞ்சை நீக்கிய பின் நாற்றுகளுக்கு இட்டாலே அவை நெடிதாக வளர்வதை 1926-இல் காட்டினார். தெய்ஜிரோ யபுட்டா 1935-இல் அப்பொருளுக்கு ஜிப்ரெலின் எனப் பெயரிட்டார். தாவரங்களும் இப்பொருளைத் தாமே தயாரிக்கின்றன என்பது 1950-களில் அறியப்பட்டது. டெல்லா எனப்படும் புரதங்கள் வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஜிப்ரெலின் அவற்றைச் சிதைக்கச் செய்து வளர்ச்சியை விடுவிக்கிறது. இருளில் வளர்ந்த பட்டாணி நாற்றின் மீது ஒளி பட்டால், சில மணி நேரத்திலேயே செயல்படும் ஜிப்ரெலினின் அளவு பெரிதும் வீழ்ச்சியடைகிறது.

பிராசினோஸ்டீராய்டுகள் தாவரங்களின் ஸ்டீராய்டு ஹார்மோன்கள். கடுகினத் தாவரம் ஒன்றின் மகரந்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிராசினோலைடின் அமைப்பு 1979-இல் வெளியாயிற்று. எனினும் நாற்றில் இவற்றுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பது 1996 வரை ஐயத்துக்கு உரியதாகவே இருந்தது. அவ்வாண்டில், இருளிலும் குட்டையாக வளரும் டெட்2 என்னும் திடீர்மாற்ற வகையில் பழுதடைந்திருப்பது ஸ்டீராய்டு தயாரிக்கும் நொதியின் மரபணு என்று தெரியவந்தது. பிராசினோலைடு ஊட்டியதும் நாற்று மீண்டும் நெடிதாக வளர்ந்தது. மனிதரில் ஆண்பால் ஹார்மோனை மாற்றியமைக்கும் இணை நொதியின் மரபணுவை இட்டபோதும் குறை நீங்கியது. ஆனால் ஒளி வந்ததும் இதன் அளவு குறைவதாகக் கொள்ள முடியாது. பட்டாணியில் அவ்வாறு குறைவதில்லை என 2002-இல் காட்டப்பட்டது. இருள்வழி வளர்ச்சிக்கு இது தேவை என்பதும், ஒளி இதன் மூலம் ஆணையிடுகிறது என்பதும் வெவ்வேறு கூற்றுகள்.

எத்திலீன் ஒரு வளிமம். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் திமித்ரி நெல்யுபோவ், ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த பட்டாணி நாற்றுகள் மேல்நோக்கி வளராமல் கிடையாக வளர்வதைக் கண்டார். அதற்குக் காரணம் விளக்கெரி வளிமத்தில் கலந்திருந்த எத்திலீன் என்று 1901-இல் நிறுவினார். மண்ணுக்குள் இவ்வளிமத்துக்கு முக்கியமான வேலை உண்டு. இறுகிய மண்ணில் முட்டும் நாற்றில் எத்திலீன் மிகுதியாகிறது. அதனால் தண்டு குட்டையாகித் தடிக்கிறது. கொக்கி வளைவு மேலும் இறுகுகிறது. மெலிந்த நீண்ட தண்டு இறுகிய மண்ணில் மடங்கிப் போகும். தடித்த தண்டு அதனைப் பிளந்து வெளியேறும். ஒளி இல்லாத இடத்தில் வேகமாக நீள்வதா, வலுவாகத் தடிப்பதா என்பதை நாற்றுக்கு உணர்த்துவது எத்திலீனே.

சைட்டோகைனின் செல்பிரிதலைத் தூண்டும் ஹார்மோன். இருளில் உள்ள நாற்றுக்கு இதனை மிகுதியாக இட்டால், ஒளி பட்டதைப் போலவே வித்திலைகள் விரியத் தொடங்கும்.

இவ்வழிகள் சந்திக்கும் இடம் பிஐஎஃப் புரதங்களே என்பது 2008-இல் வெளியான இரண்டு ஆய்வுகளால் தெளிவாயிற்று. டெல்லா புரதங்கள் பிஐஎஃப் புரதங்களைப் பற்றிப் பிடித்துச் செயலிழக்கச் செய்கின்றன. ஜிப்ரெலின் டெல்லாவைச் சிதைக்கும்போது பிஐஎஃப் விடுபடுகிறது. 2012-இல், பிராசினோஸ்டீராய்டின் செய்தியைச் சுமக்கும் புரதமும் பிஐஎஃப்-உடன் இணைந்தே மரபணுக்களை இயக்குகிறது என்பது அறியப்பட்டது. கணிப்பொறியியலில் வரும் தருக்க வாயில்களுடன் இதனை ஒப்பிடலாம். ஒளி இல்லை, ஜிப்ரெலின் உண்டு, பிராசினோஸ்டீராய்டு உண்டு என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்தால் மட்டுமே தண்டு முழு வேகத்தில் நீளும். ஆனால் வாயில்களைப் போல் ஆம், இல்லை என இரண்டே விடைகள் இங்கு இல்லை. இடைப்பட்ட அளவுகள் பல உண்டு.

வெளியே வரும் தருணம்

நாற்றின் வாழ்வில் மிகவும் இடர் நிறைந்த நேரம், அது மண்ணைவிட்டு வெளிவரும் முதல் சில மணி நேரமாகும். வெப்பமோ பூச்சியோ மட்டும் இதற்குக் காரணமல்ல. ஒளியே அதைக் கொல்லக்கூடும்.

பூக்கும் தாவரங்கள் பச்சையத்தை இருளில் தயாரிக்க முடியாது. அதற்கு முந்தைய நிலைப் பொருளான புரோட்டோகுளோரோஃபிலைடு வரை தயாரித்து நிறுத்திக்கொள்கின்றன. அடுத்த படியை நிறைவேற்றும் நொதி, ஒளி பட்டால் மட்டுமே இயங்கும். (பைன் போன்ற மரங்களில் ஒளியின்றி இயங்கும் வேறொரு நொதியும் இருப்பதால் அவற்றின் நாற்றுகள் இருளிலும் ஓரளவு பச்சையாக இருக்கும்.) இந்த முந்தைய பொருள், நொதியுடன் இணையாமல் தனித்து மிகுந்திருக்கும்போது ஒளி பட்டால், ஆக்சிஜனைத் தீவிர வினைபுரியும் வடிவமாக மாற்றிச் செல்களை வெளுத்து அழிக்கிறது. எனவே இருளில் இதனைப் போதிய அளவு மட்டும் சேமித்து, மிகாமல் காப்பது நாற்றுக்கு உயிர்ப் பிரச்சினை. இவ்வேலையைச் செய்வதில் பிஐஎஃப் புரதங்கள் முன்னிற்கின்றன. பிஐஎஃப்1 இல்லாத நாற்றுகளை இருளில் வளர்த்து ஒளிக்குக் கொண்டுவந்தால் அவை வெளுத்து இறப்பது 2004-இல் காட்டப்பட்டது.

வெளிவந்த நாற்றில் மாற்றங்கள் விரைந்து நிகழ்கின்றன. தண்டின் நீட்சி சில நிமிடங்களிலேயே குறையத் தொடங்குகிறது. கொக்கி வளைவு நிமிர்கிறது, வித்திலைகள் விரிகின்றன. வெளிறிய கணிகங்கள் பசுங்கணிகங்களாக மாறுகின்றன. சில மணி நேரத்தில் பசுமை கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. அரபிடாப்சிஸின் மரபணுக்களில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கின் செயல்பாடு இக்காலத்தில் மாறுகிறது.

ஒளியை நோக்கி வளைதல்

சன்னலோரத்தில் வைத்த நாற்று வெளிச்சத்தை நோக்கி வளைவது ஒளிநாட்டம் எனப்படும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸ் டார்வினும் கேனரிப் புல்லின் முளைக்குருத்து உறையைக் கொண்டு செய்த சோதனைகளை 1880-இல் நூலாக வெளியிட்டனர். உறையின் நுனியை ஒளிபுகாத சிறு தொப்பியால் மூடினால் அது வளைவதில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மட்டும் மூடினால் வளைகிறது. ஒளியை உணரும் இடம் நுனி, வளையும் இடம் அதற்குக் கீழே என்பதால், மேலிருந்து கீழாக ஏதோ ஒரு செய்தி கடத்தப்படுகிறது என அவர்கள் முடிவு செய்தனர்.

டென்மார்க்கின் பீட்டர் பாய்சன்-ஜென்சன், அச்செய்தி ஜெலட்டின் துண்டின் ஊடாகக் கடக்கும், அபிரகத் தகட்டின் ஊடாகக் கடக்காது என்று காட்டினார். ஆகவே அது கரையக்கூடிய ஒரு வேதிப்பொருள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் தம் தந்தையின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஃபிரிட்ஸ் வென்ட், 1926-இல் ஓட்ஸ் நாற்றுகளின் நுனிகளை வெட்டி அகார் கட்டிகளின் மேல் வைத்தார். பின்னர் நுனி நீக்கிய நாற்றின் ஒரு பக்கமாக அக்கட்டியை வைத்தபோது, முழு இருளிலும் நாற்று மறுபக்கமாக வளைந்தது. வளைவின் கோணத்தைக் கொண்டு அப்பொருளின் அளவையே கணக்கிட முடிந்தது. அப்பொருளே ஆக்சின். நீல ஒளி பட்ட பக்கத்தை ஃபோட்டோட்ரோபின் உணர, ஆக்சின் நிழல் பக்கத்தில் மிகுதியாகச் சேர்ந்து அப்பக்கத்தை நீட்டுகிறது என்பது இன்றைய விளக்கம்.

நிழலும் வெப்பமும்

வெளியே வந்துவிட்ட நாற்றுக்கும் போட்டி ஓய்வதில்லை. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைச்சிவப்பைப் பெரும்பாலும் ஊடுருவவும் எதிரொளிக்கவும் விடுகின்றன. திறந்தவெளியில் ஒன்றுக்குச் சற்று மேலாக உள்ள சிவப்பு, தொலைச்சிவப்பு விகிதம், அடர்ந்த இலைகளின் கீழே பத்தில் ஒன்று என்னும் அளவுக்கு வீழ்வதுண்டு. ஃபைட்டோகுரோம் பி இவ்விகிதத்தை அளந்து, அண்டையில் பிற செடிகள் இருப்பதை, அவற்றின் நிழல் விழுவதற்கு முன்பே அறிந்துகொள்கிறது. பிஐஎஃப் புரதங்கள் மீண்டும் தலைதூக்குகின்றன, வித்திலைகளில் ஆக்சின் உற்பத்தி பெருகிக் கீழ்த்தண்டுக்குச் செல்கிறது, தண்டு நீள்கிறது. குழித்தட்டு நாற்றங்காலில் நெருக்கமாக வளர்ந்த தக்காளி, மிளகாய் நாற்றுகள் ஒல்லியாக நீண்டு சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபைட்டோகுரோம் பி வெப்பமானியாகவும் இயங்குகிறது என்பது 2016-இல் இரண்டு குழுக்களால் காட்டப்பட்டது. வெப்பம் கூடும்போது அதன் செயல்வடிவம் ஒளியின் உதவியின்றியே விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்புவதால், வெப்பமான இரவுகளில் நாற்றுகள் கூடுதலாக நீள்கின்றன.

வேளாண்மையில்

முளைகட்டிய பயறு வணிகத்தில் இருளும் எத்திலீனும் நேரடியாகப் பயன்படுகின்றன. இருளில் வளர்வதால் தண்டு வெண்மையாகவும் மென்மையாகவும் அமைகிறது. எத்திலீனாலோ மேலே வைக்கும் பாரத்தாலோ அது தடிக்கிறது. நாற்றங்கால்களில் நாற்றுகள் அளவுக்கு மீறி நீளாமலிருக்க, ஜிப்ரெலின் உற்பத்தியைத் தடுக்கும் பாக்லோபியூட்ரசால் போன்ற வேதிப்பொருள்கள் பயன்படுத்தப்படுகின்றன. உழும்போது மண் புரளும் நொடியில் படும் ஒளியே களைவிதைகளை எழுப்பப் போதுமானது என்பதால், இரவில் உழுது களைகளைக் குறைக்கும் சோதனைகள் ஜெர்மனி முதலிய நாடுகளில் செய்யப்பட்டன. பலன் களையின் வகையைப் பொறுத்து வேறுபட்டதால் அம்முறை பரவலாகவில்லை.

விதைக்கும் ஆழத்தில்தான் இத்துறையின் அறிவு அதிகம் வேண்டப்படுகிறது. அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்தில் வாழும் ஹோப்பி மக்கள், மேல்மண் காய்ந்திருக்கும் என்பதால் மக்காச்சோளத்தை ஈரம் உள்ள ஆழத்தில் ஊன்றுவர். பிற வகைகள் மேலே வராத ஆழத்திலிருந்து அவர்களுடைய சோளம் வெளிவருவதற்கு அதன் இடைத்தண்டு மிக நீளமாக வளர்வதே காரணம் என்று ஜி. என். காலின்ஸ் 1914-இல் விவரித்தார்.

இதற்கு மாறான நிலை கோதுமையில் ஏற்பட்டது. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமைகள், ஜப்பானின் நோரின் 10 வகையிலிருந்து பெற்ற மரபணுக்களால் குட்டையானவை. அம்மரபணுக்கள் உருவாக்கும் டெல்லா புரதம் ஜிப்ரெலினுக்குப் பணிவதில்லை. அதனால் தாள் குட்டையாகி, மிகுதியான உரத்தையும் கதிரின் பாரத்தையும் தாங்கிச் சாயாமல் நிற்கிறது, விளைச்சல் பெருகிற்று. ஆனால் அதே புரதம் நாற்றுப் பருவத்திலும் வேலை செய்கிறது. முளைக்குருத்து உறையும் குட்டையாகிவிடுவதால், ஆழமாக விதைத்த இக்கோதுமையின் உறை மேற்பரப்பை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. உறையை விட்டு வெளிவரும் முதல் இலை மண்ணுக்குள்ளேயே கசங்கிப் போகிறது. குட்டை நெல்லான ஐ.ஆர்.8-இல் குறைபட்டிருப்பது டெல்லா அன்று, ஜிப்ரெலினைத் தயாரிக்கும் ஒரு நொதி. ஆதலால் அதற்கு வெளியிலிருந்து ஜிப்ரெலின் இட்டால் நீளும். நோரின் 10 வழிவந்த கோதுமை அவ்வாறு நீளாது.

ஆஸ்திரேலியாவில் விதைப்புக் காலத்து மழை நம்பகத்தன்மையற்றதாக இருப்பதால், ஆழத்து ஈரத்தில் விதைக்கும் தேவை அங்கு மிகுந்துள்ளது. தாளை மட்டும் குட்டையாக்கி முளைக்குருத்து உறையின் நீளத்தைக் குறைக்காத வேறு குட்டை மரபணுக்களைக் கொண்டு, பத்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் ஆழத்தில் விதைக்கத்தக்க கோதுமை வகைகளை அந்நாட்டின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உள்ளிட்டோர் உருவாக்கி வருகின்றனர்.